வயற்புறத்தில் மின்சேமிப்பு நிலையங்கள்

குளத்தின் பயன் யாதென்பதைக் கமக்காரருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மாரியிற் பெய்யும் மிகுதி நீரைத் தேக்கிவைத்து, சிறுபோகத்தில் துருசைத் திறந்து வயலுக்கு விடுவதற்கே குளம் கட்டப்படுகின்றது. குளமில்லாத ஊரில் மாரிநீர் கடலுக்கோடும். வைகாசியில் வயல் வெடிக்கும். மின்சாரத்தின் நிலையும் இன்று இதுவேயாம். சூரிய ஒளியிலிருந்து பெறப்படும் மின்சாரம் நண்பகலில் மிகுதியாக உண்டாகின்றது. விளக்கேற்றிச் சமையல் செய்யும் மாலை வேளையில் அது கிடைப்பதில்லை. 2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தமையால் மின்றேவை குறைந்தது. கூரைகளிற் சூரியத்தகடு பூட்டியிருந்தோர் அவற்றைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இந்நாட்டில் வேண்டப்பட்டனர். தேக்க இடமின்றி நீரைக் கடலுக்கு விட்டதற்கு ஒப்பானது அது.

மின்சாரத்துக்குக் குளமாக அமைவது மின்கலவடுக்கு. பேச்சு வழக்கில் இது பற்றரி எனப்படும். உழவியந்திரத்தில் உள்ள பற்றரியைக் கமக்காரர் அறிவர். அது ஈயமும் அமிலமும் கொண்டது. மின்சேமிப்பு நிலையங்களில் உள்ளவை பெரும்பாலும் இலிதியக் கலங்கள். பல்லாயிரம் கலங்களை இரும்புப் பெட்டகங்களில் அடுக்கி, அப்பெட்டகங்களை வரிசை வரிசையாகக் கொங்கிறீற்றுத் தளத்தின்மேல் நிறுத்துவர். அவற்றோடு மின்மாற்றிகள், குளிரூட்டும் விசிறிகள், சுற்றுவேலி, பாரவண்டி செல்லத்தக்க பாதை என்பனவும் வேண்டும். இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலே கொற்றிங்காம் என்னும் ஊரருகே 2022 நவம்பரில் தொழிற்பட ஆரம்பித்த நிலையம் 98 மெகாவாற்று வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மின்சாரம் தரவல்லது. குளத்துக்குக் கொள்ளளவு வேறு, துருசின் அளவு வேறு என்பது போல, இங்கு 196 மெகாவாற்று மணி என்பது கொள்ளளவு. 98 மெகாவாற்று என்பது துருசு.

இத்தகைய நிலையங்கள் நாட்டுப்புறத்தை நாடி வருதற்குக் காரணம் உண்டு. உயரழுத்த மின்கம்பிகள் வந்து சேரும் உபமின்னிலையத்துக்கு அவை அணித்தாக இருத்தல் வேண்டும். தூரம் கூடினால் நிலத்தடிக் கம்பிக்கு ஆகும் செலவு கூடும். பட்டினத்தில் உபமின்னிலையத்தைச் சூழ வெறுநிலம் கிடைப்பதரிது. ஆதலால், சமதரையாகவும் பாதையோரமாகவும் உள்ள விளைநிலமே முதலிற் கண்ணிற் படுகின்றது. ஓர் உபமின்னிலையத்தைச் சுற்றி நிலையம் ஒன்று வந்தால், அதே காரணத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் வரப்பார்க்கும். இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சபைகள் எதிர்கொண்ட சிக்கல்களுள் இதுவும் ஒன்று. இலங்கையிலும் உபமின்னிலையங்களை அண்டி இவற்றை நிறுவுதற்கான முயற்சி தொடங்கிவிட்டமையால், அந்நாட்டிலே தீர்மானங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதை நம் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

இங்கிலாந்தில் தீர்மானிப்பவர் யார்

2020 ஆம் ஆண்டின் இறுதிவரை இங்கிலாந்தில் 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்சேமிப்பு நிலையங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் மத்திய அமைச்சரிடம் இருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டளையொன்று அவ்வெல்லையை நீக்கிற்று. நீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையங்கள் தவிர்ந்த ஏனையவை, எவ்வளவு பெரியனவாயினும், உள்ளூர்ச் சபையின் முன்னேயே வரலாயின. நாற்பது ஐம்பது வீடுகளுக்கான விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய சபை உறுப்பினர், நாட்டின் மின்வழங்கலைத் தொடும் விண்ணப்பங்களைத் தீர்க்கவேண்டியவராயினர். இலகுவான பணியன்று அது.

விண்ணப்பம் கிடைத்ததும் சபை அறிவித்தல் ஒட்டும். அயலவருக்குக் கடிதம் அனுப்பும். கருத்துக் கூற 21 நாட்களேனும் கொடுக்கப்படும். பெரிய விண்ணப்பமாயின் 13 கிழமைகளில் முடிவு செய்யவேண்டும் என்பது விதி. பலவேளைகளில் அதற்கு மேலும் செல்லும். அலுவலர் அறிக்கை எழுதுவார். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் அடங்கிய குழு கூடி வாக்களிக்கும். அக்கூட்டத்தில் ஊரவரும் பேசலாம். பேசுவோருக்கு மூன்று நிமிடம் அளவே கிடைப்பது வழக்கம். நம் நாட்டில் ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகியவர்களுக்கு, மூன்று நிமிடம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

சபை மறுத்தால் விண்ணப்பித்த கம்பனி ஆறு மாதத்துள் மேன்முறையீடு செய்யலாம். சபை அனுமதித்தாலோ, அயலவருக்கு அத்தகைய மேன்முறையீட்டு உரிமை இல்லை. சட்டத் தவறு இருப்பின் ஆறு கிழமைக்குள் நீதிமன்றத்தை நாடுவதொன்றே வழி. தகுந்த காரணமின்றி மறுக்கும் சபை, மேன்முறையீட்டிலே தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் இறுக்க நேரிடும். ஆகவே, “எங்கள் ஊருக்கு இது வேண்டாம்” என்று மாத்திரம் எழுதப்பட்ட ஆயிரம் கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு சபை மறுப்புத் தெரிவிக்கத் துணியாது. ஒரே வாசகத்தைப் பிரதி செய்து பலர் கையொப்பமிட்ட கடிதங்கள் எத்தனை வந்தாலும் அவற்றிலுள்ள காரணம் ஒன்றே. கவனத்திற் கொள்ளப்படுவது கடிதத்தின் தொகையன்று, காரணமே.

எக்காரணம் ஏற்கப்படும் என்பதில் வரையறை உண்டு. தன் வீட்டின் விலை குறையும் என்பதும், தன் யன்னலினூடாகத் தெரிந்த காட்சி மறையும் என்பதும் ஏற்கப்படுவதில்லை. நிலத்தோற்றம், இரைச்சல், பாதைப் போக்குவரத்து, வெள்ளம், தீ, விளைநிலத்தின் தரம் என்பன ஏற்கப்படும். இரைச்சலைப் பொறுத்தமட்டில், விசிறிகள் இரவிலும் சுழல்வன. நாட்டுப்புறத்தில் இரவு அமைதி மிகுதி. எனவே பகலில் அளந்த ஓசையைக் காட்டி இரவுக்கும் அதுவே போதும் என்று சொல்வது பொருந்தாது.

மண்ணின் தரம்

இங்கிலாந்தில் விளைநிலம் முதலாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரை வகுக்கப்பட்டுள்ளது. மூன்றாந் தரம் மட்டும் அ, ஆ என இரு கூறாக்கப்பட்டுள்ளது. முதலாவது, இரண்டாவது, மூன்று அ ஆகியவை சிறந்த நிலங்கள் எனக் கொள்ளப்படும். அத்தகைய நிலத்தை எடுக்க முன்னர், தரங்குறைந்த நிலம் அயலில் இல்லையா என்று கேட்கப்படும். பழைய வரைபடத்தில் மூன்றாந் தரம் என்று மாத்திரம் இருப்பின், குழி தோண்டி மண்ணைப் பார்த்தே அது அ பகுதியா ஆ பகுதியா என்று சொல்லமுடியும். அக்குழியைத் தோண்டச் செய்வதில் ஊர்க் கமக்காரர் முனைந்து நின்றால், முடிவே மாறக்கூடும்.

சூரியத்தகடுகளின் கீழ் ஆடு மேய்க்கலாம். பற்றரி நிலையத்தின் கீழ் எதுவும் செய்யமுடியாது. மேல்மண் முழுவதும் அகற்றப்பட்டு, சல்லியும் கொங்கிறீற்றும் இடப்படும். நிலத்தின் பரப்பு சூரியத்தகடுகளுக்கு வேண்டியதிலும் மிகக் குறைவு என்பது உண்மை. ஆயினும் எடுக்கப்படும் நிலம் முழுதாகவே எடுக்கப்படுகின்றது.

அனுமதி நாற்பது ஆண்டுக்கு வழங்கப்பட்டு, அதன்பின் நிலத்தை முன்போலச் சீராக்கிக் கொடுக்கவேண்டும் என நிபந்தனை விதிப்பது அங்கு பெருவழக்கு. முன்போல ஆக்குதல் என்பதைச் சொல்லுதல் எளிது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் வெவ்வேறாக அகழ்ந்து, வெவ்வேறு குவியலாக வைத்து, ஈரமாயிருக்கையிற் புரட்டாது காத்தாலன்றி அது நடவாது. ஈரமண்ணின்மேற் பார இயந்திரம் ஓடினால் மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது, வேர் ஓடாது. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்த காணியை வளமாக்க எத்தனை போகம் எரு இடவேண்டும் என்பதை, கிணறு வெட்டிய மண்ணைத் தோட்டத்திற் பரப்பிப் பார்த்தவர் அறிவர். ஆகவே நிபந்தனையில் “சீராக்குக” என்று இருப்பது போதாது; மண் எங்கே, எவ்வுயரத்தில், எத்தனை குவியலாக வைக்கப்படும் என்பதும் எழுதப்படவேண்டும். நாற்பது ஆண்டின் பின் அக்கம்பனி இருக்குமா என்பதும் ஒரு வினா. அதற்கான பிணைப்பணத்தை முன்னரே கட்டுவித்தல் அறிவுடைமை.

காணிக்காரரும் பயிர்செய்பவரும்

நிலையத்துக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பவர் பெறும் பணம், அக்காணியிற் பயிரிட்டுப் பெறும் வருவாயிலும் பன்மடங்கு கூடியதாக இருக்கலாம். காணிக்காரர் அதனை விரும்புவதிற் குற்றமில்லை. ஆனால் காணிக்காரர் ஒருவராகவும் பயிர் செய்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, பணம் ஒருவருக்கும் இழப்பு மற்றவருக்கும் ஆகின்றது. இங்கிலாந்தின் 1986 ஆம் ஆண்டுக் கமக்காணிச் சட்டத்தின் கீழ் வரும் பழைய குத்தகைக் கமக்காரருக்கு வலுவான பாதுகாப்பு உண்டு. ஆயினும் கமத்தொழில் அல்லாத பயன்பாட்டுக்குத் திட்ட அனுமதி கிடைத்துவிட்டால், அதனையே காரணமாகக் காட்டி அவரை வெளியேற அறிவித்தல் கொடுக்க அச்சட்டமே இடமளிக்கின்றது. எனவே சபையின் தீர்மானம் குத்தகைக் கமக்காரருக்கு வெறும் கட்டட அனுமதியன்று. அவருடைய குடியிருப்பையும் தொழிலையும் தொடுவது.

இலங்கையில் நெற்காணிக்கு வேறு காவல் உண்டு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரத்துக்குப் பயிர் செய்வோருக்கு அளித்த பாதுகாப்பின் வழிவந்தது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை மூடி நிரப்புதல் அச்சட்டப்படி குற்றமாகும். பிரதேச சபை கட்டட அனுமதி கொடுத்தது என்பதால் இவ்வனுமதியும் கிடைத்ததாகாது. இரண்டும் வெவ்வேறு. மேட்டுத்தறையில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்டக்காரருக்கு நெற்காணியின் இக்காவல் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அவர்கள் தம் கமக்காரர் அமைப்பு மூலமாக முன்கூட்டியே எழுதிவைத்தல் நலம்.

தீயும் நீரும்

இலிதியக் கலம் ஒன்று பழுதுற்றுச் சூடேறினால், அச்சூடு அடுத்த கலத்தைத் தாக்கும். அது தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு செல்லும். அப்போது ஐதரசன், காபனோரொட்சைட்டு முதலிய எரியும் வாயுக்களும் ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சுவாயுவும் வெளிவரும். மூடிய பெட்டகத்தில் வாயு சேர்ந்தால் வெடிக்கும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் இவ்வாறு வெடித்ததில் தீயணைப்போர் நால்வர் கடுங்காயமுற்றனர். 2020 செப்டெம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் ஒரு பெட்டகம் எரிந்து வெடித்தது. இத்தீ பலமுறை அணைந்தது போலத் தோன்றிப் பின் மூளும். ஆதலின் நீரைப் பாய்ச்சுவது பெரும்பாலும் எரியும் பெட்டகத்தை அணைப்பதற்கன்று. அதன் அயற்பெட்டகங்களைக் குளிர வைப்பதற்கேயாம்.

இங்கிலாந்தின் தீயணைப்புத் தலைவர்களின் சபை 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, நிமிடத்துக்கு 1,900 லீற்றர் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு நீர் கிடைக்கவேண்டும் எனக் கூறிற்று. இரண்டங்குல நீரிறைக்கும் இயந்திரங்கள் மூன்று நான்கு சேர்ந்து இறைப்பதற்கு ஒப்பானது இது. மொத்தம் 228,000 லீற்றர். பெட்டகங்களுக்கிடையே 6 மீற்றர் இடைவெளியும், மக்கள் இருக்கும் கட்டடங்களுக்கு 25 மீற்றர் தூரமும், காற்று எத்திசையில் வீசினும் வண்டி நுழையத்தக்கதாக இரண்டு வாயில்களும் வேண்டும் என்றும் அது கூறிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், விண்ணப்பத்தைத் தீர்க்குமுன் உள்ளூர்த் தீயணைப்புச் சேவையைக் கலந்து பேசுமாறு அரசாங்கம் சபைகளுக்கு அறிவுறுத்திற்று. அதற்கு முன் அத்தகைய அறிவுறுத்தல் இருக்கவில்லை.

கமக்காரர் கேட்கவேண்டிய முதல் வினா, அந்த 228,000 லீற்றர் நீர் தீயின்மேல் விழுந்தபின் எங்கே செல்லும் என்பதே. நச்சுப்பொருள் கலந்த அந்நீர் வாய்க்காலில் இறங்கினால் வயலுக்கு வரும். மண்ணில் இறங்கினால் கிணற்றுக்கு வரும். தளத்தின் கீழ் நீர்புகா விரிப்பு இட்டு, அடைக்கத்தக்க கதவுள்ள குட்டையொன்றில் அந்நீரைத் தேக்கி, சோதித்தபின்னரே அகற்றவேண்டும். இந்த ஏற்பாட்டை வரைபடத்திற் காட்டாத விண்ணப்பம் குறைபாடுடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது மேலும் முக்கியமானது. அங்கு செம்மண்ணின் கீழே சுண்ணக்கல். சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே நீர் விரைந்து செல்லும். சுன்னாகத்தில் மின்னிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அங்கு கலந்தது எண்ணெய், பற்றரியன்று. ஆயினும் நிலத்தடி நீர் செல்லும் வழி ஒன்றே.

மொஸ் லாண்டிங் தீ

கலிபோர்ணியாவின் மொன்ரறே மாவட்டம் கீரை, ஸ்ரோபெரி, ஆட்டிச்சோக்கு முதலியவை பெருவாரியாகச் செய்யப்படும் பூமி. அங்கு மொஸ் லாண்டிங் என்னும் கடலோர ஊரில், பழைய மின்னிலையம் ஒன்றின் கட்டடத்துள்ளே 300 மெகாவாற்று மின்சேமிப்பு நிலையம் அமைக்கப்பட்டிருந்தது. 2025 சனவரி 16 ஆந் திகதி அது தீப்பற்றிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர், நெடுஞ்சாலை மூடப்பட்டது. கட்டடத்தினுள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தமையால் கலங்களிற் பாதிக்கு மேற்பட்டவை தீயினாற் பழுதாயின. பெப்ரவரி 18 ஆந் திகதி தீ மீண்டும் மூண்டது. அதன் அயலிலேயே வெளியிடத்தில் இடைவெளிவிட்டுப் பெட்டகங்கள் வைக்கப்பட்ட வேறொரு நிலையம் உண்டு. 2022 செப்டெம்பரில் அங்கு தீப்பற்றியபோது ஒரு பெட்டகமே எரிந்தது. இடைவெளி என்னும் நிபந்தனையின் பெறுமதி இவ்விரு தீயையும் ஒப்பிடுகையில் தெளிவாகின்றது.

புகை கலைந்தபின், அருகிலுள்ள எல்க்கோண் கழிமுகத்தின் மேல்மண்ணில் நிக்கல், கோபாற்று, மங்கனீசு ஆகிய உலோகங்கள் பன்மடங்கு கூடியிருந்ததைச் சான் ஓசே அரச பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுகூடத்தினர் கண்டனர். அவர்களால் அவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிந்தது, தீக்கு முன்னரே அவ்விடத்து மண்ணை அவர்கள் சோதித்து வைத்திருந்தமையாலேயாம். அங்கு எரிந்த கலங்கள் நிக்கல், மங்கனீசு, கோபாற்று என்பன கொண்ட வகை. இப்போது பெருமளவிற் பயன்படும் இரும்புப் பொசுபேற்று வகையில் நிக்கலும் கோபாற்றும் இல்லை. அது தீப்பற்றுவதும் அரிது. எனினும் எரியும் வாயு அதிலிருந்தும் வரும். எனவே எவ்வகைக் கலம் என்பதை விண்ணப்பத்தில் எழுதுவித்தல் வேண்டும். “இலிதியப் பற்றரி” என்று மாத்திரம் எழுதியிருப்பது, “நெல்” என்று சொல்லி இனத்தைச் சொல்லாது விடுதல் போன்றது.

முன்னரே எடுக்கவேண்டிய மாதிரிகள்

மேற்கூறிய உலோகங்கள் இயல்பாகவும் மண்ணில் உண்டு. மங்கனீசு பல மண்களில் நிறைய உண்டு. வரண்ட வலயக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு இயற்கையாகவே கூடுதலாக உள்ளது. ஆகவே தீயின்பின் ஒரு கிணற்றில் புளோரைட்டு கண்டால், அது முன்னரே இருந்ததா, புதிதாக வந்ததா என்பதை எவராலும் சொல்லமுடியாது போகும். அந்நிலையில் நட்டம் கமக்காரருடையதாகவே முடியும்.

இதனைத் தவிர்க்க, நிலையம் அமையவுள்ளது என்று அறிந்தவுடன், கட்டட வேலை தொடங்குமுன்னர் மண்ணையும் நீரையும் சோதிப்பித்து வைத்தல் வேண்டும். நிலையத்துக்கு அண்மையான காணிகளிலும், காற்று வீசும் பக்கத்துக் காணிகளிலும் மண் எடுக்கவேண்டும். சாம்பல் மேலேயே படியுமாதலால், புல்லையும் சருகையும் நீக்கி, மேலுள்ள ஓர் அங்குல மண்ணைத் தனியாகவும், அதன்கீழ் ஆறங்குலம் வரையுள்ள மண்ணைத் தனியாகவும் எடுக்கவேண்டும். ஒரு காணியிற் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்து, சுத்தமான பிளாத்திக்கு வாளியிற் கலந்து, அதிலிருந்து ஓர் இறாத்தல் அளவை நிழலில் உலர்த்திப் பையிற் கட்டுக. வரம்பிலும் எருக்குவியல் இருந்த இடத்திலும் எடுத்தலாகாது. மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் ஒரே பையில் இடலாகாது.

கிணற்று நீருக்குப் போத்தலை அதே நீரால் மும்முறை அலசியபின் நிரப்புக. சிறிது நேரம் இறைத்தபின் எடுத்தலே பொருத்தம். ஒரு முறை மாரி முடிவிலும், ஒரு முறை ஆவணியில் நீர் வற்றிய காலத்திலும் எடுத்தல் வேண்டும். இரு காலத்தும் நீரின் தன்மை ஒன்றாயிராது. ஆய்வுகூடத்திற் கேட்கவேண்டியவை இலிதியம், நிக்கல், கோபாற்று, மங்கனீசு, புளோரைட்டு ஆகிய ஐந்துமாம். பையிலும் போத்தலிலும் காணியின் பெயர், திகதி, எடுத்தவர் பெயர், மண்ணாயின் ஆழம் என்பவற்றை எழுதி, கமக்காரர் அமைப்பின் செயலாளரையும் கிராம அலுவலரையும் சாட்சிக் கையொப்பமிடச் செய்க. ஆய்வறிக்கையின் ஒரு பிரதி காணிக்காரரிடமும், ஒரு பிரதி அமைப்பின் பதிவேட்டிலும், ஒரு பிரதி பிரதேச சபையின் விண்ணப்பக் கோவையிலும் இருக்கவேண்டும். சபையிற் கொடுக்கும் பிரதிக்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்க.